படிக்கட்டு பயம்: ஏறவும் இறங்கவும் கால்களைப் பழக்கும் முழுமையான வழிகாட்டி

படிக்கட்டைக் கண்டால் பயப்படுகிறவர்களில் பலர் எப்படியோ ஏறிவிடுவார்கள். மாட்டிக்கொள்வது இறங்கும்போதுதான். மேல்படியின் விளிம்பில் நின்று கைப்பிடியை இறுகப் பற்றுவார்கள். விளிம்பு எங்கே முடிகிறது என்று கால் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்கள். காலை நீட்டுவார்கள், திரும்ப இழுத்துக்கொள்வார்கள். பின்னால் வருபவரிடம் "நீங்க போங்க" என்று வழிவிட்டு, போனில் ஏதோ பார்ப்பது போல ஒதுங்கி நிற்பார்கள். உள்ளங்கால் கூசும், முட்டி வெலவெலக்கும், நெஞ்சு படபடக்கும்.

இதைச் சரிசெய்ய ஒரு வரிசை உண்டு. முதலில் உடம்பில் வேறு கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து படிக்கட்டைச் சரிசெய்ய வேண்டும். பிறகு இறங்கும் முறையும் கால் பலமும். கடைசியில்தான் பயத்தோடு நேரடி வேலை. பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். மனதைத் திடப்படுத்திக்கொண்டு, கைப்பிடி ஆடும் இருட்டுப் படியில் இறங்கப் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் வரும் பயம் சரியான பயம். அதைப் போக்க முயல்வதே தப்பு.

இறங்குவது ஏன் கடினம்

ஏறும்போது கால் தடுக்கினால் முன்னால் இருக்கும் படிமேல் கை ஊன்றி விழுவோம், விழும் தூரம் குறைவு. இறங்கும்போது முன்னால் ஒன்றுமில்லை. அதோடு ஒவ்வொரு படிக்கும் உடல் எடை முழுவதும் ஒற்றைக் காலில் நின்று, அந்த முட்டி மெல்ல மடங்கி, உடம்பைக் கீழே இறக்கிவிட வேண்டும். தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் வேலை இது. தசை பலவீனமாக இருந்தால் கடைசிச் சில சென்டிமீட்டரில் கால் 'தொப்'பென்று விழும். அந்த ஒரு கணத்தை மூளை 'விழப்போகிறேன்' என்று பதிந்துகொள்கிறது.

கால் தவறுவது பெரும்பாலும் மேல் இரண்டு மூன்று படிகளிலும் கீழ் இரண்டு மூன்று படிகளிலும்தான். சமதள நடைக்கும் படி நடைக்கும் தாளம் வேறு. மாறும் இடத்தில்தான் கணக்குத் தப்பும். நடுப்படிகளில் கால் தானாகவே ஓடும்.

பயமும் தன் பங்குக்குக் கெடுக்கும். கணுக்கால் விறைக்கும், பார்வை பாதத்திலேயே ஒட்டிக்கொள்ளும், 'இப்போது வலது கால், இப்போது இடது' என்று ஒவ்வொரு அசைவையும் மனம் கட்டளையிட ஆரம்பிக்கும். தானாக நடக்க வேண்டிய வேலையை இப்படிக் கையால் ஓட்டினால் நடை தடுமாறும். மூச்சு வேகமாகி ரத்தத்தில் கரியமில வாயு குறைந்தால் தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். அதை விழுவதற்கான அறிகுறி என்று எடுத்துக்கொண்டால் பயம் இன்னும் ஏறும்.

தவிர்ப்பதும் பயத்துக்குத் தீனி போடும். ஒவ்வொரு முறை லிஃப்டுக்குத் திரும்பும்போதும் ஒரு நிம்மதி வருகிறதே, அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் தவிர்க்கச் சொல்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஹோபார்ட் மவ்ரர் 1947இல் விளக்கியதன் சாரம் இதுதான்: பயம் ஒரு வழியில் ஒட்டிக்கொள்கிறது, தவிர்ப்பதால் நிலைத்து நிற்கிறது. எப்படி வந்தது என்பது நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை. எதனால் நிலைக்கிறது என்று தெரிந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

முதல் படி: இது பயம் மட்டும்தானா?

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

- படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ சில விநாடிகள் அறை சுற்றுவது. உள்காதில் துகள் இடம் மாறியதால் வரும் சுற்றலாக இருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் எளிய முறையில் பெரும்பாலும் சரியாகிவிடும்.
- உள்ளங்கால் மரத்துப்போவது, பஞ்சின் மேல் நடப்பது போலிருப்பது. சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். படி விளிம்பைப் பாதம் உணராதபோது தயக்கம் வருவது இயல்பு.
- முட்டி திடீரென்று மடங்கிவிடுவது.
- எழுந்து நின்றதும் கண் இருட்டுவது. ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை போன்றவை காரணமாக இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள்.
- படி இருக்கும் இடம் தப்பாகத் தெரிவது, இரண்டாகத் தெரிவது. ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்தாலும் ஆழம் கணிப்பது கெடும்.
- ஒரு பக்கக் காலில் புதிதாக பலக்குறைவு. இதைத் தள்ளிப்போட வேண்டாம். அது திடீரென்று வந்திருந்தால் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இன்னொரு குறிப்பு. 'மயங்கி விழுந்துவிடுவேன்' என்பது இந்தப் பயத்தில் அடிக்கடி வரும் எண்ணம். ஆனால் பயத்தில் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன, மயக்கத்துக்கு அழுத்தம் இறங்க வேண்டும். ரத்தம், ஊசி சார்ந்த பயத்தில்தான் மயக்கம் பரவலாக வரும். படியில் உண்மையிலேயே மயங்கி விழுந்திருந்தால் அதைப் பயத்தின் கணக்கில் எழுதாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கால் பலத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி: சுவரோடு ஒட்டிய, கை இல்லாத சாதாரண உயர நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால், அல்லது கை ஊன்றாமல் எழவே முடியாவிட்டால், கால் பலம் குறைவு. பயப் பயிற்சியோடு தசைப் பயிற்சியும் கட்டாயம் வேண்டும்.

மேலே சொன்ன எதுவும் இல்லாமல், பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ வெளியே போவதையோ தடுக்கிறது என்றால், மனநல மருத்துவர்கள் அதைக் 'குறிப்பிட்ட ஒன்றின் மீதான அச்சம்' என்ற வகையில் வைப்பார்கள். சிகிச்சைக்கு நன்றாக மசியும் வகை இது.

இரண்டாம் படி: படிக்கட்டை அளந்து பாருங்கள்

ஒரு டேப் எடுத்துக்கொண்டு தினமும் பயன்படுத்தும் படிக்கட்டை அளங்கள். வசதியான படியின் உயரம் சுமார் 15 முதல் 18 செ.மீ., கால் வைக்கும் அகலம் 28 முதல் 30 செ.மீ. இரண்டு மடங்கு உயரத்தோடு அகலத்தைக் கூட்டினால் 60 முதல் 64 செ.மீ.க்குள் வர வேண்டும் என்பது நெடுநாள் கணக்கு. இந்தக் கணக்கு 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா பிளொண்டெலிடமிருந்து வருகிறது. 17 செ.மீ. உயரம், 28 செ.மீ. அகலம் என்றால் 62, நல்ல படி. 21 செ.மீ. உயரம், 22 செ.மீ. அகலம் என்றால் 64 வந்தாலும் அது செங்குத்தான படி. பாதத்தின் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சூத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

இந்த அளவுகளைவிட முக்கியம் எல்லாப் படியும் ஒரே உயரமா என்பது. ஒரே வரிசையில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே கால் ஏமாறும். முதல் இரண்டு மூன்று படிகளில் கால் ஓர் உயரத்தைக் கற்றுக்கொண்டு மீதியை அதே கணக்கில் போடுகிறது. தரையில் புதிதாக டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் கடைசிப் படி மட்டும் குட்டையாகிவிடுவது சாதாரணம். அப்படிப் படி இருந்தால் அதன் விளிம்பில் மட்டும், மற்றப் படிகளின் பட்டையிலிருந்து வேறான நிறத்தில் பட்டை ஒட்டுங்கள்.

கைப்பிடிக்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும். படி விளிம்பிலிருந்து செங்குத்தாக 86 முதல் 96 செ.மீ. உயரம், விரல் முழுவதும் சுற்றிப் பிடிக்கும்படி 3 முதல் 5 செ.மீ. தடிமன் உருண்டை, சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே குறைந்தது 4 செ.மீ. இடைவெளி. அகலமான தட்டைக் கைப்பிடிச் சுவர் மேலே கை வைக்கத்தான் உதவும், வழுக்கினால் பிடிக்க உதவாது. பக்கவாட்டில் பலமாக இழுத்துப் பாருங்கள். சிறிதும் ஆடக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கைப்பிடி மேல்படிக்கு அப்பாலும் கீழ்ப்படிக்கு அப்பாலும் சுமார் 30 செ.மீ. நீண்டிருப்பது. பல இடங்களில் கடைசிப் படிக்கு முன்னாலேயே கைப்பிடி முடிந்துவிடும். கால் இன்னும் இறங்க வேண்டியிருக்க, கைக்குப் பிடி இல்லை. பயம் உள்ளவர்கள் கடைசிப் படியில் தடுமாறுவதற்கு இது ஒரு நேரடிக் காரணம், ஒரு மரக்கட்டையும் இரண்டு கிளாம்பும் இருந்தால் தீர்ந்துவிடும். முடிந்தால் இரு பக்கமும் கைப்பிடி வையுங்கள்.

விளிம்புப் பட்டை: 5 செ.மீ. அகலம், படிக்கு நேர்மாறான நிறம், சொரசொரப்பான வகை. சரியாக விளிம்பிலேயே தொடங்க வேண்டும். இரண்டு செ.மீ. உள்ளே தள்ளி ஒட்டினால் எது உண்மையான விளிம்பு என்று கண் குழம்பும், ஒட்டாமலே இருந்திருக்கலாம். ஒரு படிக்கு ஒட்டினால் எல்லாப் படிக்கும் ஒட்ட வேண்டும்.

விளக்கு: மேலும் கீழும் சுவிட்ச். மேலே மட்டும் ஒரு பல்பு இருந்தால் இறங்கும்போது உங்கள் நிழலே அடுத்த படியை மறைக்கும். கீழேயும் ஒன்று வேண்டும், கண்ணில் நேராக அடிக்காத இடத்தில். ஆளைக் கண்டு எரியும் சென்சார் விளக்கு என்றால் முதல் படிக்கு முன்பே எரிய வேண்டும், பாதி வழியில் அணையக்கூடாது.

படிகளுக்கு நடுவே இடைவெளி தெரியும் படிக்கட்டுகளும் கண்ணாடித் தடுப்பு வைத்தவையும் பயத்தைத் தனியாகக் கிளப்பும். இடைவெளிகளைப் பலகை வைத்து அடைக்கலாம், கண்ணாடியில் இடுப்புயரம் வரை மங்கலான பிலிம் ஒட்டலாம். மேல்படிக்கு முன்னால் கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். படியில் செருப்பு, புத்தகம், பை எதுவும் வைக்கும் பழக்கம் வீட்டில் யாருக்கும் இருக்கக்கூடாது.

காலணி குதிகாலை மூடியதாக, அடிப்பாகம் மெல்லிசாக, வழுக்காததாக இருக்கட்டும். தளர்ந்த செருப்பும், பளபளப்பான படியில் வெறும் சாக்ஸும் வேண்டாம். தடித்த மெத்தென்ற அடிப்பாகம் சொகுசாக இருக்கும், ஆனால் விளிம்பைப் பாதத்துக்குச் சொல்லாது. தரையில் புரளும் ஆடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றது கைப்பிடிக்கு. பல பார்வைக் கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கீழ்ப்பாதி படிப்பதற்கான பவர், அதன் வழியே பார்த்தால் படி மங்கலாகும். முகவாயைச் சற்றுத் தாழ்த்தி மேல்பாதி வழியே பாருங்கள். வெளியே அதிகம் படி ஏறுபவர் தூரப்பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: இறங்கும் முறை

மேலே வந்ததும் ஒரு நொடி நில்லுங்கள். கை முதலில், கால் பிறகு. கைப்பிடியைப் பிடித்த கை உடம்புக்கு முன்னால் ஒரு முழங்கை தூரத்தில் இருக்கட்டும். நீங்கள் இறங்க இறங்க அது கைப்பிடியை விடாமல் வழுக்கிக்கொண்டே முன்னால் போகட்டும். பயந்தவர்களின் கை பின்னாலேயே நிற்கும், உடம்பு திருகிக்கொண்டு பின்னால் சாயும். பின்னால் சாய்வது பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் எடை குதிகாலுக்குப் போய்க் குதிகால் விளிம்பில் சறுக்கும். இறங்கும் போது உட்கார்ந்தபடி விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

பார்வை இரண்டு மூன்று படி முன்னால். விளிம்பை அவ்வப்போது ஓரக்கண்ணால் பாருங்கள், பாதத்தையே முறைக்காதீர்கள். முன்பாதம் முதலில் படியட்டும், பிறகு குதிகால். படி குறுகலாக இருந்தால் இரு பாதங்களையும் சற்று ஒரே பக்கம், கைப்பிடியை நோக்கித் திருப்பி வையுங்கள். முட்டியை விறைக்காமல் லேசாக மடக்கியே வைத்திருங்கள். கடைசிப் படி முடிந்துவிட்டதென்று நினைத்தாலும், கால் சமதளத்தைத் தொட்டு ஒரு அடி நடந்த பிறகுதான் கை கைப்பிடியை விட வேண்டும்.

ஒரு கால் பலவீனமாக இருந்தால் ஒரே படியில் இரு கால்களையும் வைத்து நகருங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். ஊன்றுகோல் பலவீனமான காலோடு நகரட்டும். பொருள்களைத் தோளில் பையாகப் போட்டுக்கொள்ளுங்கள். இரு கையும் நிரம்பிய நிலையில் படியில் கால் வைக்காதீர்கள், பயம் இல்லாதவருக்கும் அது சரியில்லை.

நான்காம் படி: கால்களுக்குப் பலம்

வாரம் மூன்று நாள், நடுவே ஒரு நாள் ஓய்வு விட்டு.

1. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று. உட்காரும்போது மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். பலன் உட்காருவதில்தான்.
2. சுவரில் விரல் நுனி வைத்துக் குதிகாலை உயர்த்தி இறக்குதல், 10 முதல் 15 முறை.
3. 10 செ.மீ. உயரமுள்ள, ஆடாத பலகை மேல் நின்று, ஒரு காலை முன்னால் இறக்கிக் குதிகாலால் தரையைத் தொட்டுத் திரும்புதல். ஒவ்வொரு காலுக்கும் 8 முறை, இறங்க மூன்று விநாடி.
4. ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்களோடு ஒட்டி ஒரே கோட்டில் 30 விநாடி நிற்றல், சுவர் பக்கத்தில்.

மூன்றாவது பயிற்சிதான் படி இறங்குவதன் நேரடி ஒத்திகை. இதில் வழக்கமாக வரும் தவறு, தாங்கும் காலின் முட்டி உள்ளே சரிவது. முட்டி இரண்டாம் கால்விரலுக்கு நேராக வருகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். முட்டிச் சில்லின் முன்னால் வலித்தால் பலகையை 5 செ.மீ.க்குக் குறையுங்கள். வலியோடு தொடர்ந்தால் பயமும் கூடும், முட்டியும் கெடும். பலம் கூடுவது தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, பயப் பயிற்சியை உடனே தொடங்கலாம்.

ஐந்தாம் படி: பயத்தோடு பழகுவது

பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் நிம்மதி, 100 என்றால் வாழ்க்கையிலேயே அதிகமான பயம். நடத்தைச் சிகிச்சையின் முன்னோடியான ஜோசப் வோல்ப் புகழ்பெறச் செய்த அளவுகோல் இது, இன்றும் சிகிச்சையாளர்கள் பயன்படுத்துகிறார்கள். பிறகு உங்கள் பயத்தை வரிசைப்படுத்துங்கள். ஒரு மாதிரி இதோ, எண்கள் உங்களுடையவை வேறாக இருக்கும்:

1. இறங்குவதைப் பார்வையாளர் கோணத்தில் எடுத்த வீடியோ பார்த்தல் (15)
2. படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்தல் (20)
3. மூன்று படி ஏறித் திரும்பாமல் நிற்றல் (30)
4. கீழிருந்து இரண்டாம் படியிலிருந்து இறங்குதல் (40)
5. அரை வரிசை, அதாவது ஒரு தொடர் படிகளில் பாதி, இறங்குதல் (50)
6. மேல்படியில் நின்று, கைப்பிடியோடு, கீழே பார்த்தல் (60)
7. முழு வரிசை இறங்குதல், கைப்பிடியோடு, யாரும் இல்லாதபோது (65)
8. அதே, எதிரே ஒருவர் ஏறி வரும்போது (75)
9. அறிமுகமில்லாத கட்டடத்தின் படிக்கட்டு (80)
10. இடைவெளி தெரியும் படிகள், அல்லது கூட்டத்தோடு இறங்குதல் (90)

நான்காவதைக் கவனியுங்கள். கீழிருந்து தொடங்கி, இறங்க வேண்டிய படிகளை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறோம். மேல்படியிலிருந்து ஒரே மூச்சில் இறங்கச் சொல்பவர்கள் இந்த வாய்ப்பை வீணடிக்கிறார்கள். இரண்டாம் படியிலிருந்து இறங்கும் அசைவும் இருபதாம் படியிலிருந்து இறங்கும் அசைவும் ஒன்றேதான். அதை இரண்டில் நன்றாகப் பழகிவிட்டால் மிஞ்சுவது உயரம் மட்டும்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்பு ஒரு வரி எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், எத்தனை சதவீதம் நம்புகிறேன். 'நாலாவது படியில் வலது முட்டி மடங்கி உருண்டுவிடுவேன், 70%' என்பது போல, சரிபார்க்க முடியும்படி. பிறகு செய்யுங்கள். முடித்ததும் என்ன நடந்தது என்று எழுதுங்கள். பயம் குறைந்ததா என்பதைவிட, எதிர்பார்த்தது நடந்ததா என்பதே கற்றுக்கொடுக்கிறது. நெஞ்சு படபடத்தபடியே இறங்கினாலும், மடங்கும் என்று நினைத்த முட்டி மடங்கவில்லை என்றால் அது நல்ல பயிற்சி. மதிப்பெண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன் என்று காத்திருந்தால் நான்காம் எண்ணிலேயே மாதக்கணக்கில் நிற்பீர்கள். பாதியாகக் குறைந்தால், அல்லது பயப்படுவது நடக்கும் என்று நம்பும் சதவீதம் சரிந்துவிட்டால், போதும்.

ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் நான்கைந்து நாள். ஒரே அசைவைப் பத்துப் பதினைந்து முறை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கால் களைத்து நடுங்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். களைப்பில் வரும் நடுக்கத்தைப் பயம் தனக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும். நிறுத்துவதானால் செய்ய முடிந்த ஒரு எண்ணில் நிறுத்துங்கள், பயந்து ஓடிய இடத்தில் அல்ல.

இனி, பயத்தை மறைமுகமாக ஊட்டி வளர்க்கும் பழக்கங்கள். படிகளை எண்ணிக்கொண்டே இறங்குவது, மூச்சை அடக்குவது, கண்ணைச் சுருக்கிக்கொள்வது, இரு கையாலும் கைப்பிடியைத் தழுவிப் பக்கவாட்டாக இறங்குவது, உடன் வருபவர் சட்டையைப் பிடிப்பது, ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் இறங்குவது. இவை இருக்கும்வரை 'இதனால்தான் தப்பித்தேன்' என்று மூளை சொல்லிக்கொள்ளும். தொடக்கத்தில் இவற்றோடு இறங்கலாம், தவறில்லை. பிறகு ஒவ்வொன்றாக உதிர்க்க வேண்டும், அதையும் வரிசையில் ஒரு எண்ணாகச் சேர்க்க வேண்டும். ஆனால் ஒரு கையால் கைப்பிடி பிடிப்பதை இந்தப் பட்டியலில் சேர்க்கிறவர்கள் உண்டு, அதை நாங்கள் ஏற்பதில்லை. அது யாருக்குமே நல்ல பழக்கம். மாற்ற வேண்டியது பிடியின் இறுக்கம் மட்டுமே. விரல் மூட்டு வெளுக்குமளவு இறுக்கம், பிறகு சாதாரணப் பிடி, பிறகு உள்ளங்கை மேலே தவழும் அளவு.

ஒரே படிக்கட்டில் மட்டும் பழகினால் அந்தப் படிக்கட்டில் மட்டும்தான் தைரியம் வரும். இரண்டாம் வாரத்திலிருந்தே இடத்தை மாற்றுங்கள்: இடப்பக்கக் கைப்பிடி, வலப்பக்கக் கைப்பிடி, கல், மரம், இரும்பு, பகல், இரவு, வேறு காலணி. கலந்து செய்வது சலிப்பாக இருக்கும், ஆனால் அதுதான் நிற்கும்.

தனியாக முடியவில்லை என்றால் நடத்தைச் சிகிச்சை தெரிந்த உளவியலாளரிடம் போகலாம். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் 1989இல் வெளியிட்ட முறையில், ஒரே அமர்வில், அதிகபட்சம் மூன்று மணி நேரத்தில், சிகிச்சையாளர் உடனிருந்து படிப்படியாகக் கொண்டுபோவார். பயத்தைக் குறைக்கும் தூக்க வகை மாத்திரையை விழுங்கிவிட்டுப் படியில் பயிற்சி செய்யாதீர்கள். தடுமாற்றம் கூடும், கற்றது நிற்காமலும் போகலாம்.

நடுப்படியில் உறைந்துவிட்டால்

பாதி வழியில் கால் நகராமல் போவது நடக்கும். அப்போது திரும்பி மேலே ஓடாதீர்கள். நடுப்படியில் உடம்பைத் திருப்புவது இறங்குவதைவிட ஆபத்து.

கைப்பிடியை இரு கையாலும் பிடித்து, பாதங்களை ஒரே படியில் சேர்த்து, முட்டியை லேசாக மடக்குங்கள். தேவைப்பட்டால் கைப்பிடியை விடாமல் பின்னால் உள்ள படியில் உட்கார்ந்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணை அருகே உள்ள அசையாத ஒன்றில், சுவரில் ஒரு கறையோ கைப்பிடியின் ஆணியோ, நிறுத்துங்கள். மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெல்ல விடுங்கள். ஆழமாக இழுப்பதைவிட நிதானமாக விடுவதில் கவனம் இருக்கட்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் படபடப்பின் உச்சி தாண்டிவிடும். பிறகு இறங்கிக்கொண்டிருந்த திசையிலேயே ஒரே ஒரு படி. அங்கே நின்று இன்னொரு மூச்சு. அடுத்த படி. உட்கார்ந்தபடியே இறங்குவதும் கீழே சேரும் ஒரு வழிதான், ஆனால் அன்றோ மறுநாளோ அதே படிக்கட்டில் கீழ் இரண்டு படியை மட்டுமாவது நின்று இறங்கிவிட்டுப் போங்கள்.

உடன் வருபவருக்கு

ஏறினாலும் இறங்கினாலும் நீங்கள் ஒரு படி கீழே, சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அவருடைய கை கைப்பிடியில்தான் இருக்க வேண்டும். "ஒண்ணும் ஆகாது", "கீழே பார்க்காதே", "சின்னப் பிள்ளை கூட இறங்குது" இவையெல்லாம் வேண்டாம். "அவசரமில்லை, நீங்க தயாரானதும் போகலாம்" என்றால் போதும். பின்னால் வருபவர்களை முன்னால் போகச் சொல்லிக் கூட்டத்தை விலக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் அதுவே பெரிய உதவி. பயிற்சியில் சில வாரத்துக்குப் பிறகு உங்கள் இடம் ஒரு படி கீழே என்பதிலிருந்து லேண்டிங்குக்கும், பிறகு கீழ்த்தளத்துக்கும் மாற வேண்டும்.

எஸ்கலேட்டர், சுழல் படி, நின்றுபோன எஸ்கலேட்டர்

எஸ்கலேட்டர் தனிப் பயிற்சி. முதலில் ஏறும் எஸ்கலேட்டர், கூட்டமில்லாத நேரம். கை பட்டையில், பார்வை எதிர்முனையில், படி முழுதாக விரியும் இடத்தில் மஞ்சள் கோட்டுக்குள் பாதம். இறங்கும் இடத்தில் சீப்புத் தகடு (படிகள் உள்ளே நுழையும் இடத்தில் சீப்புப் பல் போல இருக்கும் தகடு) வருவதற்கு முன் முன்பாதத்தைத் தூக்கி ஒரு நீண்ட எட்டு.

நின்றுபோன எஸ்கலேட்டரில் கால் வைக்கும்போது வரும் தள்ளாட்டம் பயமில்லாதவர்களுக்கும் வரும். ஓடும் என்று கால் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது, கண்ணுக்கு நிற்பது தெரிந்தும் கணக்கு மாறுவதில்லை. அதில் முதல் இரண்டு படியைக் கைப்பிடியோடு கடந்தால் அந்த உணர்வு போய்விடும். அதன் படிகள் சாதாரணப் படிகளைவிட உயரமானவை, தொடக்கத்திலும் முடிவிலும் உயரம் மாறிக்கொண்டே போகும். வேறு வழியிருந்தால் அதையே எடுங்கள்.

சுழல் படியில் எப்போதும் அகலமான வெளிப்பக்கம். உள்பக்கம் பாதம் கொள்ளாது. இறங்கும்போது வெளிக் கைப்பிடி எந்தக் கைப்பக்கம் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

லிஃப்ட் நின்றுவிடும் நாளுக்கு

தீ விபத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக்கூடாது. அதனால் லிஃப்டை மட்டும் நம்பி வாழ்வது முழுத் தீர்வாகாது. வேலை செய்யும் இடத்திலும் தங்கும் விடுதியிலும் முதல் நாளே அவசரப் படிக்கட்டைத் தேடிப் பாருங்கள்: எத்தனை வரிசை, கைப்பிடி எந்தப் பக்கம், விளக்கு எப்படி. விடுதியில் கீழ்த்தள அறை கேளுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகத்தில் தீப் பயிற்சிப் பொறுப்பாளரிடம் மெதுவாக இறங்குவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி, உடன் வர ஒருவரைக் குறித்து வையுங்கள். அவசரப் படிகளில் இறக்கும் நாற்காலி சில கட்டடங்களில் வைத்திருப்பார்கள், அது எங்கே இருக்கிறது, இயக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டு வைக்கலாம்.

பயம் ஒருமுறை குறைந்த பிறகும் திரும்ப எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் நீண்ட இடைவெளி விழுந்தால், உடம்பு சரியில்லாமல் படுத்து எழுந்தால், அல்லது ஒருமுறை கால் தவறினால். அப்படி வந்தால் பய வரிசையில் எளிதான பக்கமாக இரண்டு எண் பின்னால் போய்த் தொடங்குங்கள். முதல்முறை வாரக்கணக்கில் எடுத்தது இந்த முறை சில நாளில் முடியலாம். மற்ற நாட்களில், லிஃப்ட் இருந்தாலும் வாரத்தில் மூன்று முறையாவது ஒரு மாடியைப் படியில் இறங்குங்கள்.